முப்பத்தாறு அங்குலத்தில் ஒரு கொடி

உங்களுக்கெல்லாம் முழங்கால் வலி இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நான் உட்காரவில்லை. நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஆஸ்பத்திரி, மருமகள், சர்க்கரை என்று மூன்று வண்டிதான் ஓடுகிறது. நான்காவதாக ஒன்று விடுகிறேன், ஏறிக்கொள்ளுங்கள். பதினொரு வயசில், ஒரு மழைக்காலம் முழுக்க, நான் ஒரு படைக்குத் தளபதியாக இருந்தேன். இருபத்திரண்டு சிப்பாய்கள், ஒரு பீரங்கி. பின்வாங்கியதே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கடைசிச் சண்டையில் ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உலவுகிறது. அந்தக் கதை தப்பு. சரியான கதை தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் கடை. அப்பா மிலிட்டரி டெய்லர். அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் பட்டாளத்து லைன். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் காக்கித் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கஞ்சித் துணி வாசனை, இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனை, மெஷின் எண்ணெய் எல்லாம் கலந்து எங்கள் சோற்றிலேயே அடிக்கும். அறையின் நடுவில் வெட்டு மேஜை. எட்டடி நீளம், நாலடி அகலம். விளிம்பு நெடுக அங்குலத்துக்கு ஒரு பித்தளை ஆணி அடித்திருக்கும். கஜத்துக்கு ஒரு பெரிய ஆணி. ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு. எதிர்ப்பக்கம் மரத்தில் ஒரு கணு, கண் மாதிரி. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். என் வெற்றி இவற்றுக்கு நடுவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கத்திரியைத் தொட மாட்டார். “ஆண்டவரே ஆறு நாள்தான் வேலை பார்த்தாரு, நான் என்ன அவருக்கு மேலயா?” என்பார். பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, உள்ளறையில் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அதுவரை மேஜை என்னுடையது. கடையில் இருப்பவர் காஜா பாய் ஒருவர்தான். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அவர் வேலை. அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை. ஆகவே ஞாயிறன்று மூலையில் உட்கார்ந்து தன் பாட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டே எங்கள் யுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிப்பாய்கள் எனக்கு வந்தது ஒரு பிஸ்கட் டின்னில். ஊருக்குக் கப்பல் ஏறப்போகிற துரைசானி ஒருத்தி கோட்டு வாங்க வந்தவள், “உன் பிள்ளைகளுக்கு” என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரு பீரங்கி, ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள். சுண்டுவிரல் உயரம். பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து, ஒன்பது பேருக்குத் தலை இல்லை. தலைகள் தனியே டின்னின் அடியில் உருண்டன.

“முண்டமா நிக்குது பாரு, வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடு” என்றாள் அம்மா.

நான் போடவில்லை. தீக்குச்சியைச் சீவி, கழுத்தில் பாதி, தலையில் பாதி செருகி, நூல் மெழுகை உருக்கி ஒட்டினேன். ஒன்பது பேரும் நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தன் மட்டும் தலையை லேசாகத் திருப்பி, யாரோ கூப்பிட்ட மாதிரி நின்றான். அவனையே கொடிக்காரன் ஆக்கினேன்.

பெயிண்ட் சைக்கிள் கடையிலிருந்து. டின் காலியானதும் அடியில் ஒட்டியிருக்குமே, அதைச் சுரண்டித் தருவார்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் மஞ்சள். உடம்புக்கும் மூஞ்சிக்கும் அணில் வால் மயிரை நூலால் குச்சியில் கட்டிய பிரஷ். கண்ணுக்கு மட்டும் காஜா ஊசியின் முனை. மூச்சை நிறுத்திக்கொண்டு ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. மூச்சை விட்டால் மாறுகண். அந்தச் சிப்பாய்களுக்கு முதலில் இருந்த மூஞ்சி ரோஸ் கலர். அந்தக் கலரை எப்படிக் கலப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தினம் பார்த்த சிப்பாய்களில் ஒருவனும் அந்தக் கலரில் இல்லை. சிவப்பில் கறுப்பு கூட்டினேன், மஞ்சள் சேர்த்தேன், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நிறம். ஒருத்தன் பால்காரர். ஒருத்தன் எங்கள் மாதா கோயிலில் மணி அடிக்கிறவர். மீசை கூட அதே மீசை.

அம்மா பார்த்துவிட்டாள். “அடிப் பாவி, துரைக்கு நம்ம பால்காரன் மூஞ்சியை வெச்சிருக்கியே! அந்தம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“பொம்மையைப் பார்க்கவா கப்பல்ல திரும்பி வருவாங்க?”

அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “காலர்ல மஞ்சள் வராது. இந்தக் கோட்டுக்கு வெள்ளைப் பைப்பிங்” என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். மறுநாளே இருபத்திரண்டு காலரையும் வெள்ளையாக்கினேன். அப்பா குறை சொல்வதற்கு என் படையில் வேறு ஒன்றும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

எதிரி, இரண்டு தெரு தள்ளி இருந்த ஹெட்மாஸ்டர் மகன். என் வயசுதான். அவனிடம் கடையில் வாங்கிய பெட்டி, குதிரைக்காரர்களோடு நாற்பது பேர். வார்னிஷ் பளபளக்கும். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் கிடையாது. அவன் என் படையை முதலில் பார்த்தபோது, “இதுங்களுக்கு என்ன, அம்மை போட்டிருக்கா?” என்றான்.

“உன் ஆளுங்க வெயிலையே பார்க்காதவங்க. அல்சூர் வரைக்கும் நடந்தா மயக்கம் போட்டு விழுவானுங்க.”

அன்றே சண்டை ஆரம்பமாகிவிட்டது. டெய்லர் சாக்குக்கட்டியால் மேஜையில் ஆறு, ரோடு. இஸ்திரிப் பெட்டி கோட்டை. நூல் சுற்றுகிற பாபின்கள் மரங்கள். காலாள் ஒரு தடவைக்கு நாலு அங்குலம் நடக்கலாம், குதிரை எட்டு. பீரங்கி முப்பத்தாறு அங்குலம் வரை சுடும். எட்டுகிற தூரமா என்று முதலில் அளக்க வேண்டும், பிறகு ஐந்து சோழி உருட்ட வேண்டும். மூன்று மல்லாந்தால் ஆள் காலி. கொடிக்காரன் விழுந்தால் சண்டை முடிந்தது. இதையெல்லாம் ஹெட்மாஸ்டர் மகன் ஒரு நோட்டில் குண்டு குண்டாக எழுதிவைத்தான். சட்டம் எழுதுவதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

அளவுக்கு இன்ச் டேப். அது எனக்குக் கிடைத்த விதம் முக்கியம். துணி டேப் நாள்பட்டால் இழுத்துப்போகும். இழுத்துப்போன டேப்பை எங்கள் தொழிலில் முழுசாக விட்டுவைக்கக் கூடாது. கத்திரியால் இரண்டாக வெட்டித்தான் குப்பையில் போடுவார்கள். யாராவது தெரியாமல் எடுத்து அளந்துவிட்டால் பட்டாளமே தொளதொளவென்று நடக்கும் அல்லவா? அப்படி வெட்டச் சொல்லி அப்பா ஒரு டேப்பைப் பாயிடம் கொடுத்திருந்தார். பாய் என்னைக் கூப்பிட்டார்.

“அரே பாப்பா, வெட்டினா ரெண்டு துண்டு. உனக்குக் குடுத்தா ஒரு டேப்பு. சுவத்துல இருக்கிற கடை ஆணியில மட்டும் மாட்டக் கூடாது, நக்கோ. சம்ஜா?”

சம்ஜா, புரிந்தது. அந்த டேப்பில் முப்பத்தாறு என்றால் நிஜத்தில் முப்பத்தாறேமுக்கால், கொஞ்சம் குறையலாம். இரண்டு பேருக்கும் அதே டேப் என்பதால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு தடவை ஹெட்மாஸ்டர் மகன் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்து வந்து அளக்கப் பார்த்தான். நான் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு அவனே நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு சட்டம் சேர்த்துக் கையெழுத்தும் போட்டான்.

மழை விடுகிற சமயம். நான் அவனைத் தொடர்ந்து இரண்டு ஞாயிறு தோற்கடித்திருந்தேன். அவன் ஒரு பந்தயம் வைத்தான். “அடுத்த வாரம், கொடி விழுந்தா படை மொத்தமும். உன்னது எனக்கு, இல்லேன்னா என்னது உனக்கு.”

நாற்பது பளபளப்பான ஆட்களை இருபத்திரண்டு ஒட்டுப்போட்ட ஆட்களுக்கு எதிராக வைக்கிறானே, பைத்தியமா என்று நினைத்தேன். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் கணக்குப் பார்த்தேன். தோற்றால் பால்காரர் போவார், மணி அடிக்கிறவர் போவார், தலை திருப்பியவன் போவான்.

ஆனால் என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. தழும்பிலிருந்து கணு வரை, எங்கள் டேப்பில், மிகச் சரியாக முப்பத்தாறு. இதை நான் மூன்று ஞாயிறுக்கு முன்பே பார்த்து வைத்திருந்தேன். ஹெட்மாஸ்டர் மகன் கொடிக்காரனை எப்போதும் கணுவின் மேல்தான் நிறுத்துவான். அங்கே குண்டு எட்டாது என்று அவனுக்கு எண்ணம். ஆனால் தழும்பு இருந்த இடம் அவன் குதிரைகளுக்குப் பக்கம். என் பீரங்கியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் ஒரே ஒரு தடவைதான் சுட முடியும். அடுத்த ஆட்டத்தில் அவன் குதிரை வந்து பீரங்கியை மிதித்துவிடும், பின்னால் நிற்கிற என் கொடிக்காரனையும் சேர்த்து.

சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன், மனசு கேட்காமல் இன்னொரு தடவை அளந்து பார்த்தேன். முப்பத்தாறேதான். அம்மா ஞானோபதேச வகுப்புக்குக் கூப்பிட்டாள். அவசரத்தில், மேஜை மேல் கிடந்த கடை டேப்பையும் சேர்த்து அள்ளினேன், எதையோ சுருட்டினேன், எதையோ ஆணியில் மாட்டினேன், ஓடினேன்.

ஞாயிறு வந்தது. ஒரு மணி நேரம் சண்டை. அவன் பக்கம் பதினோரு பேர் விழுந்தார்கள், என் பக்கம் ஒன்பது. நான் பீரங்கியை அங்குலம் அங்குலமாகத் தழும்புக்கு நகர்த்தினேன். அவன் கவனிக்கவில்லை. கடைசியில் சக்கரத்தைத் தழும்பின் மேல் வைத்து, “கொடி!” என்றேன்.

“எட்டாது.”

“அளந்து பாரு.”

டேப்பைப் பிடித்தோம். முப்பத்தாறு என்ற கோடு, கொடிக்காரனின் காலுக்கு அரை அங்குலம் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அரைக்கும் மேலே.

அவன் குதிக்க ஆரம்பித்தான். “டேப்பு சுருங்கிப்போச்சு” என்றேன்.

“ஆமாமா. தோத்தா சுருங்கும், ஜெயிச்சா நீளும். பாய், கேட்டீங்களா?”

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தழும்பு நகருமா? கணு நகருமா? எட்டடி மரம் ஒரு ராத்திரியில் வளருமா? டேப்பை எடுத்து மேஜை விளிம்பில் ஆணி வரிசையில் வைத்தேன். பெரிய ஆணியிலிருந்து பெரிய ஆணி, ஒரு கஜம். முப்பத்தாறும் முப்பத்தாறு ஆணியும் கச்சிதமாகப் பொருந்தின. எங்கள் டேப் ஒருநாளும் அப்படிப் பொருந்தியதில்லை.

“இது நம்ம டேப்பு இல்ல.”

மூலையில் ஊசி நின்றது. பாய்க்கு என்னைவிட முன்பே புரிந்துவிட்டது. நல்ல டேப் இங்கே இருக்கிறதென்றால் கடை ஆணியில் தொங்குவது எது? நேற்று முழுக்க அப்பா காக்கியை வெட்டியது எதை வைத்து?

“பாப்பா” என்றார் மெல்ல, “சுப், சத்தம் போடாதே. ஒரு பொம்மைக் கொடி. போனா போவுது, விடும்மா.”

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கதையில், இந்த இடத்தில் நான் கண்ணீர் விட்டு யோசித்தேன் என்று வரும். கோட்டுகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்தது: என் டேப் ஆணியில் இருக்கிறது, அதில் கொடி எட்டும். ஆனால் அதுதான் எங்கள் டேப் என்று அப்பா சொன்னால்தான் எதிரி ஒத்துக்கொள்வான். உள்ளறைக்கு ஓடினேன்.

“அப்பா, எழுந்திருங்க! உங்க ஆணியில தொங்குறது என் டேப்பு! எனக்கு வேணும்!”

“என்ன டேப்பு?” என்றார் கண்ணைத் திறக்காமலே.

“இழுத்துப்போன டேப்பு! நேத்து மாத்தி மாட்டிட்டேன்! சீக்கிரம் வாங்கப்பா!”

அப்பா எழுந்த வேகத்தில் கட்டில் சுவரில் இடித்தது. பனியனோடு கடைக்கு வந்தார். ஆணியிலிருந்த டேப்பை எடுத்து விளிம்பில் வைத்துப் பார்த்தார். பிறகு நேற்று வெட்டிய காக்கிக் கட்டை அவிழ்த்து, ஒரு முதுகுத் துண்டை எடுத்து, நல்ல டேப்பை அதன் மேல் ஓட்டினார். இன்னொன்று. இன்னொன்று.

“எல்லாம் அரை அங்குலத்துக்கு மேல கூட” என்றார். “இன்னும் தைக்கலை. கூடினதை வெட்டலாம். குறைஞ்சிருந்தா ஒட்டவா முடியும்?” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “பாய், இதை வெட்டிப் போடுன்னு சொன்னேனே?”

“என் கல்தி உஸ்தாத், என் தப்பு” என்றார் பாய், எழுந்து நின்று.

“இல்லப்பா, மாட்டினது நான்.” அந்த மழைக்காலத்தில் நான் யோக்கியமாகப் பேசிய வாக்கியம் அந்த ஒன்றுதான்.

அப்பா கொக்கியிலிருந்து பெரிய கத்திரியை எடுத்தார். வாசற்படியில் நின்ற அம்மா, “ஐயோ, ஞாயித்துக்கிழமை!” என்று சிலுவை போட்டுக்கொண்டாள். கத்திரியின் இரண்டு வாயும் என் டேப்பின் மேல் விரிந்தன.

“அப்பா, இருங்க! ஒரு குண்டு பாக்கி இருக்கு!”

“இன்னா குண்டு?”

மூச்சு வாங்கச் சொன்னேன். தழும்பு, கணு, பந்தயம், எல்லாம். அப்பா முதல் தடவையாக மேஜையை முழுசாகப் பார்த்தார். தன் மேஜையில் ஒரு ஆறு ஓடுவதை, பாலம் இருப்பதை, விழுந்தவர்களை நாங்கள் விளிம்பில் வரிசையாகப் படுக்க வைத்திருப்பதை.

ஹெட்மாஸ்டர் மகன் லேசுப்பட்டவன் இல்லை. “சார், அது தப்பு டேப்புன்னு நீங்களே சொன்னீங்க. தப்பு டேப்புல அளந்தா அளவு தப்புதானே?”

“சட்டம் எழுதினது யாரு?”

“நான்தான்.”

“எடுத்துப் படி.”

அவன் நோட்டை எடுத்தான். தொண்டையைச் செருமினான். “பாய் கொடுத்த டேப்பைத் தவிர வேறு எந்த அளவும் இந்த மேஜையில் செல்லாது.” கையெழுத்தையும் சேர்த்தே படித்தான். அந்த நேர்மைக்கு நான் அவனை இன்றுவரை மதிக்கிறேன்.

“கோட்டுக்கு இது தப்பு டேப்பு” என்றார் அப்பா. “உங்க சண்டைக்கு இதான் டேப்பு.”

கத்திரியைக் கீழே வைத்தார். டேப்பின் பித்தளை முனையைத் தன் கட்டைவிரலால் தழும்பின் மேல் அழுத்திப் பிடித்தார். ஆபீசர்களின் தோளில் வைத்துப் பிடிக்கிற அதே பிடி. மறுமுனையை நான் இழுத்துப் போனேன். முப்பத்தாறு. கோடு கொடிக்காரனின் பூட்சைத் தொட்டு நின்றது.

“எட்டுது” என்றார் அப்பா. “உருட்டு.”

சோழிகளைக் கையில் குலுக்கினேன். பாய் உதட்டுக்குள் என்னவோ ஓதினார், எந்தக் கட்சிக்கென்று தெரியாது. உருட்டினேன். ஐந்தில் நான்கு மல்லாந்து விழுந்தன. கொடிக்காரனை என் விரலாலேயே சாய்த்தேன். வார்னிஷ் பூசிய ஈயம் மரத்தில் விழுந்தால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் அப்பா என் டேப்பை இரண்டாக வெட்டினார்.

அந்த வாரமே அப்பா எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். லைனிலிருந்து வந்த ஹவில்தாரிடம், ஹெட்மாஸ்டரிடம், பங்குச் சாமியாரிடம். “தன் தப்பைத் தானே வந்து ஒத்துக்கிட்ட பொண்ணு சார். படுக்கையிலேர்ந்து எழுப்பிச் சொல்லிச்சு.” சாமியார் அதைப் பிரசங்கத்தில் வைத்தார். அம்மா, பெண் பார்க்க வந்தவர்களிடம் வைத்தாள். என் கல்யாணமே அந்தக் கதையில் முடிந்ததுதான். வீட்டுக்காரர் கடைசிவரை என்னை நம்பினார், பாவம்.

அப்பாவுக்கு உண்மையுள்ள மகள் வேண்டியிருந்தது, அதையே பார்த்தார். அவருக்கு முன்னால் நின்றது, அரை அங்குலம் பிசகினால் கண்ணாலேயே கண்டுபிடிக்கிற ஒருத்தி. கட்டிங் மாஸ்டருக்கு வேறென்ன வேண்டும்? அவரோ என் தம்பியைத்தான் மேஜையில் பழக்கினார். அவனுக்குக் கோடு நேராக வராது. என்னை டீச்சர் ஆக்கினார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் கோடு போட்டேன், ஸ்கேல் இல்லாமல். யாராவது வேண்டுமானால் வந்து அளந்து பார்க்கட்டும்.

சண்டையை முடித்துவிடுகிறேன். ஹெட்மாஸ்டர் மகன் அழவில்லை. நாற்பது பேரையும் ஒவ்வொருத்தராக என் பாவாடை மடியில் எண்ணி வைத்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு வந்து மேஜை ஓரம் நின்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். எதிரில் ஒருத்தரும் இல்லை.

“சரி, பாதி எடுத்துக்கோ. இல்லேன்னா நான் யாரோட சண்டை போடுறது?” என்றேன்.

அவன் கை தன் பளபளப்பான ஆட்களைத் தாண்டிப் போயிற்று. பால்காரரைத் தூக்கினான். அடுத்தது தலை திருப்பியவன்.

“ஏய்! அது என்னோடது!”

“இதுங்களுக்காகத்தானே மொத்தப் படையும் வெச்சேன்” என்றான், என்னைப் பார்க்காமல். “என் ஆளுங்க எல்லாம் ஒரே மூஞ்சி.”

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். பிரசங்கத்தில் கூட.

“கீழ வை. அதைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்” என்றேன். டின்னைத் திறந்து, பெயிண்டைக் கலக்க ஆரம்பித்தேன். “உன்னோடதுல ஒண்ணைக் குடு, போட்டுத் தரேன். யார் மூஞ்சி வேணும்?”

தன் ஆட்களில் ஒருத்தனை எடுத்து நீட்டினான்.

“என் மூஞ்சி.”

போட்டுக் கொடுத்தேன். ஊசி முனையால் இரண்டு கண். மூச்சே விடவில்லை. மூக்கு சற்றுப் பெரிதாக வந்துவிட்டது என்று குறைப்பட்டான். இருப்பதைத்தானே போட முடியும்?